ஒரே நாளில் இரண்டு பூஜ்யம்

டாக்டர் சந்திரலேகா முதலில் கேட்டதே, "யுவஸ்ரீ வரலையா?" என்றுதான்.

ஜெகநாதனுக்குச் சுருக்கென்றது. எதிரே உட்கார்ந்திருப்பது யார்? ஜெகன் துப்பறியும் நிலையத்தின் உரிமையாளர். ஒரகடத்தில் எந்தக் கம்பெனியில் எது காணாமல் போனாலும் பன்னிரண்டு வருடமாக முதல் போன் அவருக்குத்தான் வரும். யுவஸ்ரீ அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்ற மண்ணூர்ப் பெண். முதலாளி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவளைத் தேடுகிறார்கள் என்றால் மனுஷனுக்கு எரியுமா எரியாதா?

"வண்டி நிறுத்திகினு வரா," என்றார் முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

வந்துவிட்டாள். "சாரி மேடம். சார் எறங்கினப்புறம்தான் வண்டிக்கே மூச்சு வந்துச்சு. ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் குடுத்துட்டு வந்தேன்."

டாக்டர் சிரித்தார். ஜெகநாதன் சிரிக்கவில்லை. தொப்பையை மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

விஷயம் இதுதான். இசக்கிசெல்வி, மாடத்தி என்று இரண்டு பெண்கள். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே வயரிங் கம்பெனியில் ஆறு வருடத்துக்கு முன் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். சேரப்பணஞ்சேரியில் ஒரே ரூம். போன வருடம் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் இருவருக்கும் மார்பில் கட்டி என்று தெரிந்தது, அதுவும் ஒரே நாளில். ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்க, இருவருக்கும் ஒரே மருந்தை டிரிப்பாக ஏற்றிக்கொண்டிருந்தார் டாக்டர்.

மருந்து கேட்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. உடம்பில் கட்டி இருந்தால் அதனுடைய மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து ஓடும். மருந்து வேலை செய்தால் அவை குறையும், செய்யாவிட்டால் அப்படியே நிற்கும். "ஒவ்வொருத்தர் கட்டியிலேர்ந்தும் ஒரு துண்டு எடுத்து, அதோட அடையாளத்தை வெச்சு, அவங்களுக்குன்னே தயார் பண்ற டெஸ்ட் இது," என்றார் டாக்டர். ஜெகநாதன் 'தனித்தனி டெஸ்ட்' என்று எழுதி ஒரு கோடும் போட்டார். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்ததை அவர் திரும்பிப் பார்க்க மத்தியானம் ஆனது.

மாடத்தியின் எண் நானூறில் தொடங்கி அறுபதுக்கு இறங்கியது. இசக்கிசெல்வியின் எண் முந்நூறில் தொடங்கி இருநூற்றெண்பதில் முரண்டு பிடித்தது. மூன்றாவது தடவை எடுத்ததில் இருவருக்கும் பூஜ்யம். முந்தாநாள் ரிசல்ட் வந்து, ரூமில் கேசரி கிண்டி, கீழ்வீடு வரைக்கும் கொடுத்தார்களாம்.

"மாடத்தி கட்டி நல்லா சுருங்கியிருக்கு, அவ ஜீரோவை நான் நம்பறேன். ஆனா செல்வி கட்டி என் கைக்கு அப்படியே தட்டுப்படுது. திரும்ப ரத்தம் குடுன்னா மாட்டேங்கறா. மிஷினைவிட உங்க கை பெருசான்னு கேக்கறா. திங்கக்கிழமை டிரிப் வேண்டாம்னுட்டா. இன்னிக்கு நாலரைக்குக் கிளாம்பாக்கத்துல ஊருக்கு பஸ் புக் பண்ணிட்டா." டாக்டர் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். "இப்ப மருந்தை விட்டா அவளை நான் இழந்துடுவேன்."

லேபைக் கேட்டதற்கு, டியூப் மூடி சீலோடு வந்தது, தப்பு எங்களுடையதில்லை, மறுபடி சரிபார்க்கப் பத்து நாளாகும் என்று கையை விரித்துவிட்டார்களாம். டியூப்கள் வந்து சேர்ந்தபோது எடுத்த போட்டோவை மட்டும் அனுப்பியிருந்தார்கள். டாக்டர் அதை யுவஸ்ரீ போனுக்கு அனுப்பினார். ஜெகநாதனின் போனும் மேஜைமேல்தான் இருந்தது, சார்ஜும் எண்பது சதவீதம் இருந்தது.

வாசலுக்கு வந்தபோது மணி பதினொன்று.

ரத்தம் எடுத்தவன் பெயர் இனியவன். ரூம் ரூமாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறவன். ஒரகடம் கூட்ரோடு டீக்கடையில் அவனைப் பிடித்தார்கள். ஜெகநாதன் வரும் வழியிலேயே கேஸை முடித்துவிட்டிருந்தார். இரண்டு பேருக்கும் பூஜ்யம் என்றால் இரண்டு டியூபிலும் நோயே இல்லாத ஒருவனின் ரத்தம் இருந்திருக்கிறது. பையன் டியூபைக் கீழே போட்டு உடைத்திருக்கிறான், பயத்தில் தன் கையிலிருந்தே எடுத்து ரொப்பியிருக்கிறான். அபாரமான யோசனை. சொல்லும்போது அவருக்கே மெய்சிலிர்த்தது.

இனியவன் பாதி டீயோடு பேந்தப் பேந்த விழித்தான்.

"கதை சூப்பர் சார்," என்றாள் யுவஸ்ரீ. "ஆனா இத கொஞ்சம் பாருங்க."

போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டு டியூப், இரண்டு பெயர் ஸ்டிக்கர். இரண்டு ஸ்டிக்கரிலும் வலது மேல் மூலை மட்டும் துளியூண்டு உள்பக்கமாக மடிந்திருந்தது. வயரிங் லைனில் லேபிள் ஒட்டும்போது இப்படித்தான் ஒரு மூலையை மடித்துவிடுவார்கள், இதற்குக் காது மடிப்பது என்று பெயர், தப்பாகிவிட்டால் சட்டென்று உரித்து மாற்ற வசதியாக இருக்கும் என்றாள். நாளைக்கு ஆயிரம் ஒட்டிய கைக்குத்தான் அது தானாக வருமாம். கிளவுஸ் போட்ட கைக்கு வரவே வராதாம்.

"நீ ஒட்டலடா இது. யார் ஒட்டினது?"

இனியவன் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். மூன்றாவது தடவை எடுக்கப் போன அன்றைக்கு, காலை ஐந்தே முக்காலுக்கு ரூமில் வைத்து இருவருக்கும் ரத்தம் எடுத்தான். எடுத்த கையோடு டியூபை மெதுவாகப் பத்துத் தடவை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். இரண்டு கையிலும் ஒவ்வொரு டியூப். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. மாடத்தி லேசான வேலைக்குத் திரும்பிவிட்டிருந்ததால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அவனுக்கும் ஆறு மணிக்கு அடுத்த வீடு.

"செல்வியக்காதான் இருந்தாங்க. நீங்க ஒட்டுங்கக்கா, நீங்க பாக்காத லேபிளான்னு சொல்லி, எது யாரோடதுன்னு காட்டி டியூபை நீட்டினேன். அவங்கதான் ரெண்டையும் ஒட்டினாங்க. வேலை போயிடும்னு சொல்லல மேடம்."

யுவஸ்ரீயை மேடம் என்றான். ஜெகநாதன் அவன் டீக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வண்டியில் போகும்போதே யுவஸ்ரீ முடிவு சொல்லிவிட்டாள். செல்விதான் லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறாள், மாடத்தியின் நல்ல நம்பரைத் தன் பேருக்குத் திருப்பிக்கொண்டாள் என்றாள்.

ஜெகநாதன் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நிமிடத்துக்காக அவர் ஒன்றரை வருடம் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். "மாத்தி ஒட்டினான்னே வெச்சுக்கோ. செல்வியோட ரத்தம் மாடத்தி பேர்ல போயிருக்கும். அந்த ரத்தத்துல இருநூத்தி எண்பது கீது. அப்போ மாடத்தி பேருக்கு அந்த நம்பர் இல்ல வரணும்? ஏன் ஜீரோ வந்துச்சு?"

வாயைத் திறந்தால் நக்கல் கொட்டும் அந்தப் பெண் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டினாள். ஜெகநாதனுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஒரு பெண்ணின் உயிர் நாலரை மணி பஸ்ஸில் ஏறப்போகிறது, இவருக்குக் குளிர்கிறது. அது தப்பென்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் குளிர்ந்தது.

இந்த வியாதி இன்று வந்ததில்லை. போன மாதம் ஒரு கம்பெனியில் காப்பர் கம்பி திருடு போனதை அவள்தான் கண்டுபிடித்தாள். சாப்பாட்டுக் கேரியர் பிடியில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்து, அதற்குள்ளே கம்பி இருப்பதைக் காட்டிக்கொடுத்தாள். அறிக்கையில் 'கண்டறிந்தவர்: யுவஸ்ரீ' என்று அவரேதான் டைப் அடித்தார். அனுப்புவதற்கு முன் அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். கம்பெனி மேனேஜர் கைகுலுக்கினார். அன்றைக்கு ஒரு நாள் ஜெகநாதன் நன்றாகத் தூங்கினார், அப்புறம் தூக்கம் வரவில்லை.

சேரப்பணஞ்சேரியில் மாடி ரூம். இசக்கிசெல்வி தலையில் சுங்குடித் துணி கட்டியிருந்தாள். புருவம் உதிர்ந்திருந்தது. பை கட்டியாயிற்று. டாக்டர் அனுப்பினார் என்றதும் கதவை அடைக்கப் பார்த்தாள், யுவஸ்ரீ எப்படியோ உள்ளே நுழைந்து தண்ணீர் கேட்டுவிட்டாள்.

"மிஷின் ஜீரோன்னு சொல்லிட்டுல்லா. பொறவு எதுக்கு இன்னொரு ஊசி?" என்றாள் செல்வி. ஆறு மாதமாக வாயில் ருசியில்லை, விரல் நுனியில் உணர்ச்சியில்லை, வயர் பிடித்தால் நழுவுகிறது, மாடத்தி பஸ் ஏறிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்துப் பார்த்துப் போதும் போதுமென்றாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். பையின் ஓரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே பாருங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காட்டணும்னு வச்சிருக்கேன்."

மடிப்புக் கலையாத பேப்பர். பூஜ்யத்தைச் சுற்றி மஞ்சள் வைத்திருந்தது. ஜெகநாதன் மேலே பெயரைப் பார்த்தார். மாடத்தி என்று இருந்தது.

சரி, இருவருடையதையும் ஒன்றாகப் பிரிண்ட் எடுத்திருப்பாள், கை மாறியிருக்கும் என்று நினைத்தார். "உங்களுது எங்கம்மா?"

"அங்கன எங்கயாச்சும் கெடக்கும்."

அடுப்பு மேடையில் கிடந்தது. எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில், நாலாக மடித்து, எண்ணெய் ஊறி. இசக்கிசெல்வி என்ற பெயர் வட்டக்கறைக்குள் இருந்தது. அதிலும் அதே பூஜ்யம்தான். ஆனால் மஞ்சள் இல்லை.

ஜெகநாதன் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊரில் புருஷனுக்குக் காட்ட அடுத்தவள் பெயர் போட்ட பேப்பரை எடுத்துப் போகிறாள். தன் பெயர் போட்டது பாட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எது தன் ரத்தத்துக்கு வந்த பூஜ்யம் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் பெயருக்குப் பின்னால் அடுத்தவளுடையது ஒளிந்திருந்தால் அதை மஞ்சள் வைத்துக் கும்பிட முடியாது. இது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யுவஸ்ரீ, கீழ போய் வண்டிய நிழல்ல போடு."

"நிழல்லதான் சார் கீது."

"வேற நிழல்ல போடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனாள்.

ஜெகநாதன் பாயில் உட்கார்ந்தார். விசாரணை எதுவும் செய்யவில்லை. காப்பர் கம்பிக் கதையைச் சொன்னார். பெயரை அழித்ததை, மேனேஜர் கைகுலுக்கியதை, அப்புறம் தூக்கம் போனதை, எல்லாவற்றையும் சொன்னார். யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது.

"அந்தப் பொண்ணு கெட்டுப்போவணும்னு நான் நெனக்கல. ஒரு தடவையாவது எம்பேர் அங்க இருக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்மா."

இசக்கிசெல்வி சுவரைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள். லைனில் எப்போதும் அவள்தான் முதல். மாடத்திக்கு வயரை எப்படிப் பிடிப்பது, கட்டுகளை எப்படி அடுக்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அதே மருந்து, அதே நாற்காலி. மாடத்திக்கு இறங்குகிறது, இவளுக்கு இறங்கவில்லை.

"அவ நல்லாருக்கணும்னுதான் நானும் சாமி கும்பிடுதேன். ஆனா அவ நம்பரைச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்கு நெஞ்சு பத்திக்கிட்டு எரியும். அந்தத் தம்பி ஸ்டிக்கரைக் கையில குடுத்ததும் புத்தி கெட்டுப்போச்சு. ஒரே ஒரு நாளைக்கு எம்பேருக்கு நேரா நல்ல நம்பர் வரட்டும், மறுநாளே டாக்டரம்மாட்ட சொல்லிருவோம்னுதான் மாத்தி ஒட்டினேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவ பேர்ல போன என் ரத்தமும் ஜீரோன்னு வந்துட்டே சார். அப்ப எனக்கும் சரியாப் போச்சுன்னுதான அர்த்தம்? பொறவு எதைச் சொல்ல?" அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக ஒளித்து வைத்திருந்த சந்தோஷம் அது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் ஜெகநாதனுக்கு மண்டையில் உறைத்தது. நோட்டைப் புரட்டினார். 'தனித்தனி டெஸ்ட்', கீழே ஒரு கோடு. காலையில் எழுதியதற்கு மத்தியானம் இரண்டு மணிக்கு அர்த்தம் புரிந்தது. அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டு யுவஸ்ரீயைக் கூப்பிட்டார். அவள் பாதிப் படியில்தான் நின்றிருந்தாள்.

"டாக்டருக்குப் போன் போடு. உன் போன்லயே போடு. நீ சொன்னதுதான் சரி. மாத்திதான் ஒட்டியிருக்காங்க."

"அப்போ அந்த இருநூத்தி எண்பது எங்க சார் போச்சு?"

"எங்கயும் போகல. யாரும் அதைத் தேடல." செல்வி பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த டெஸ்ட்டு பொதுவா கட்டி கீதான்னு பாக்கறதில்லம்மா. மாடத்தி பேர் போட்ட டியூப்ல மாடத்தி கட்டியோட அடையாளத்த மட்டும்தான் தேடும். உள்ள இருந்தது உங்க ரத்தம். உங்க ரத்தத்துல அவங்க கட்டியோட அடையாளம் எப்படிம்மா இருக்கும்? மண்ணூர் ரேஷன் கடையில போய்ப் படப்பைக்காரன் கார்டத் தேடினா, இல்லன்னுதான் சொல்லுவான். அதுக்காக அந்த ஆளே இல்லன்னு ஆயிடுமா? உங்க பேர் போட்டதுலயும் அதே கததான். ரெண்டு ஜீரோவும் ஜீரோ இல்ல."

போன் ஸ்பீக்கரில் டாக்டரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். லேப் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன், இது எனக்கே தோன்றவில்லையே என்றார். அப்புறம், "செல்வி, அவர் சொல்றது சரிம்மா. உன் கட்டி அப்படியேதான் இருக்கு. இந்த மருந்து கேக்கலைன்னா வேற மருந்து இருக்கு. நீ இங்க இருந்தாத்தான் குடுக்க முடியும்," என்றார்.

இசக்கிசெல்வி அழவில்லை. பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பேப்பரை வெளியே உருவினாள். மஞ்சளைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அது போகவில்லை.

மூன்றே காலுக்கு ஷிப்ட் முடிந்து மாடத்தி வந்தாள். கையில் வழிக்குத் தின்னக் காரச்சேவும் தண்ணீர் பாட்டிலும். ரூமில் அந்நிய ஆட்களைப் பார்த்துத் திகைத்தாள். செல்வி யாரையும் பேசவிடவில்லை. தானே சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். உன் ஜீரோவும் பொய்தான்ட்டி, அதையும் நான்தான் கெடுத்தேன் என்றாள்.

மாடத்தி காரச்சேவைக் கீழே வைத்தாள். நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

"நீ மணிக்கு நூத்திப்பத்து வயர் கட்டுவ, நான் தொண்ணூறு. ஆறு வருசமா கம்பெனி போர்டுல உன் பேரைப் பாத்துப் பாத்து நான் வயிறெரிஞ்சிருக்கேன். ஒரு நாளாவது உன் லேபிளைத் தொட்டிருப்பனா ஏட்டி?"

ஜெகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சொல்லி இனியவன் பெட்டியோடு வந்தபோது நான்கு மணி. மாடத்திதான் முதலில் கையை நீட்டினாள். டியூபை அவன் சாய்த்து நிமிர்த்திக்கொண்டிருக்க, தன் ஸ்டிக்கரைத் தானே வாங்கி ஒட்டினாள். காது மடிக்காமல், நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். அப்புறம் செல்வியின் ஸ்டிக்கரை எடுத்து அவளிடம் நீட்டினாள். செல்விக்கு விரல் மரத்திருந்ததால் ஸ்டிக்கர் நழுவியது. மாடத்தி அவள் கையைப் பிடித்து ஒட்ட வைத்தாள். பேசவில்லை, ஆனால் பிடித்தாள். நாலரை மணி பஸ் செல்வி இல்லாமல் போயிற்று.

திரும்பும்போது ஜெகநாதன் பின்சீட்டிலிருந்து, "அந்தக் காப்பர் கம்பி ரிப்போர்ட்டுல உன் பேர நான்தான் எடுத்தேன்," என்றார். ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காதோ என்று மறுபடி சொல்லப்போனார்.

"தெரியும் சார். அத கம்பெனிக்கு மெயில் பண்ணதே நான்தானே."

"அப்போ ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்றதுக்கு எத்தினி நாளாவுதுன்னு பாத்துகினு இருந்தேன். முப்பத்தி நாலு நாள் சார். செல்வியக்காவ விட நீங்க ரொம்ப ஸ்லோ."

அன்று அலுவலகத்தில் இரண்டு அறிக்கை அடித்தார். ஒன்று டாக்டருக்கு. இன்னொன்று காப்பர் கம்பிக் கம்பெனிக்கு, பெயரைத் திருத்தி.

அதற்குப் பதினைந்து நாள் கழித்துச் சரியான எண்கள் வந்தன. மாடத்திக்கு நாலு. செல்விக்கு முந்நூற்றிருபது. செல்விக்கு டாக்டர் மருந்தை மாற்றினார். ஒன்றரை மாதம் போனபின் ஒரு சனிக்கிழமை மத்தியானம் யுவஸ்ரீயின் போன் அடித்தது. செல்விதான். புது மருந்தில் தொண்ணூற்றாறு என்று வந்திருக்கிறதாம், மாடத்திதான் முதலில் பார்த்துக் கத்தினாளாம், பேப்பரில் பெயரை இருவரும் நாலு தடவை சரிபார்த்தார்களாம்.

செல்வி யுவஸ்ரீக்குத்தான் போன் செய்தாள், ஜெகநாதனுக்கு இல்லை. அவருக்குப் பழையபடி சுருக்கென்றது. அவர் கையை நீட்டி, "குடு, நானும் ஒரு வார்த்த பேசறேன்," என்றார்.